நான்கு மீட்டருக்குள் ஒரு கார்: வாங்குவோர் கணக்கு

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்த குகையில் நரசிம்மர் வீற்றிருப்பதால் ஊருக்கு இப்பெயர் வந்தது. கருவறையை மட்டும் சுற்றிவர இயலாது. பெருமாளை வலம் வர விரும்புவோர் குன்றையே வலம் வர வேண்டும். என் இளமையில் வெளியூரார் எங்கள் ஊரை இக்கோவிலைக் கொண்டே அறிந்திருந்தனர். இப்போதோ, 'ஒரகடம் ரோடு பிரியும் இடம்' என்று சொன்னால்தான் பலருக்கு விளங்குகிறது. பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் அந்தச் சாலையில், புதிய கார்களை இரண்டடுக்காக ஏற்றிய நீண்ட டிரெய்லர் லாரிகள் இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கும். தெருப் பிள்ளைகள் நின்று எண்ணுவதுண்டு. நானும் எண்ணியிருக்கிறேன்.

வணிகவியல் வகுப்பில் அடக்கவிலைக் கணக்கியல் நடத்துபவன் நான். பாடநூலில் 'அ' என்னும் நிறுவனம் 'ஆ' என்னும் இயந்திரத்தை வாங்கும். அதன் ஆயுள் பத்தாண்டு. இறுதி மதிப்பு இவ்வளவு. மாணவர்கள் கணக்கைச் சரியாகவே போட்டுவிடுவார்கள். ஆனால் அதே மாணவர்கள் வீட்டிற்கு ஒரு வண்டி வாங்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. ஆசிரியனான எனக்கே வந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் தம்பி ஒரு துண்டுத்தாளுடன் வந்து நின்ற பிறகுதான் பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவர நேர்ந்தது.

தம்பி ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணி செய்கிறான். 2025ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்தான்.

"அண்ணா, மேக்னைட் எடுக்கலாம்னு இருக்கேன். நம்ம ஒரகடத்துல செய்யற வண்டி. ஏழு லட்சம்தான். மாசம் பத்தாயிரம்கூட வரல."

"ஏழு லட்சமா, மாசம் பத்தாயிரமா? ரெண்டுல எதுடா விலை?" என்றேன்.

அவன் சிரித்தான். அம்மா உள்ளேயிருந்து, "உங்க அண்ணன் பரீட்சை வைக்க ஆரம்பிச்சுட்டான்" என்றாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. மாதம் இரு முறை செங்கல்பட்டு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்வர வேண்டியிருக்கிறது. தம்பியின் எண்ணத்தின் பின்னால் இருந்தது அந்த முழங்கால்தான். ஆகவே இதை ஆடம்பர ஆசை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தாளையும் பேனாவையும் எடுத்தோம்.

முதலில், இந்த வகை வண்டி எத்தகையது என்பதைப் பார்ப்போம். பொலிரோ போன்ற பழைய ஜீப் வகை வண்டிகளில் கீழே ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் தனியாக இருக்கும். உடற்கூடு அதன்மேல் தனியாக வைத்துப் பொருத்தப்படும். காட்டுப் பாதைக்கும் பாரத்திற்கும் ஏற்ற அமைப்பு அது. நாம் பேசும் 'கிராஸ்ஓவர்' வண்டிக்கு அந்தச் சட்டம் கிடையாது. சிறு காரைப் போலவே கூடும் அடித்தளமும் ஒரே உடலாய்ப் பற்றவைக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் இழுவிசை முன்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். அப்படியானால் ஜீப் எங்கே இருக்கிறது? தோற்றத்திலும் உயரத்திலும் இருக்கிறது. குதிகால் உயர்ந்த செருப்பணிந்த சிறு கார் என்று இதைச் சொன்னால் தவறாகாது.

ஆனால் அந்தச் செருப்பை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. மேக்னைட்டின் அடிப்பாகத்திற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 205 மில்லிமீட்டர். எங்கள் பகுதியில் அளவுக்கணக்கின்றிப் போடப்பட்ட வேகத்தடைகளில் தாழ்ந்த கார்களின் வயிறு உரசுவதை நாள்தோறும் கேட்கிறோம். மேலும், உயர்ந்த இருக்கையில் வயதானவர்கள் குனிந்து விழாமல் நேராக உட்காரலாம். இறங்கும்போது முழங்கால் மீது பாரம் குறைவாக விழும். விற்பனையாளர் எஞ்சினின் வலிமையைப் பற்றியே பேசுவார். வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பது அதைவிடப் பயன்தரும் சோதனை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வண்டி உயரமாயிருக்கிறது என்பதற்காக மழை வெள்ளத்தில் இறக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்ட மாவட்டத்தவர் நாம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், காற்றை அழுத்த வேண்டிய பிஸ்டன் அழுத்த முடியாத தண்ணீரோடு மோதும். இணைப்புத் தண்டு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் சாவி திருப்புவதால்தான் பெரும்பாலும் இச்சேதம் நேர்கிறது. சாதாரணக் காப்பீட்டில் பொதுவாக இதற்கு இழப்பீடு கிடைப்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். இவ்வகைக் கார்களின் நீளத்தை வரிசையாகப் பாருங்கள். எங்கள் அண்டை ஊரான மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் செய்த ஈகோஸ்போர்ட், 3,999 மில்லிமீட்டர். திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த வென்யூ, 3,995. ஒரகடத்தில் செய்யும் நிசான் மேக்னைட், 3,994. அதே ஆலையில் செய்யும் ரெனோ கைகர், 3,991. அமெரிக்க நிறுவனம், கொரிய நிறுவனம், ஜப்பானிய நிறுவனம், பிரெஞ்சு நிறுவனம் ஆகிய நால்வருக்கும் ஒரே அளவுகோல் எங்கிருந்து வந்தது?

புதுதில்லியிலிருந்து வந்தது. 2006ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் 'சிறு கார்' என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள். நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் கொள்ளளவு பெட்ரோலானால் 1,200 கன சென்டிமீட்டருக்குள்ளும், டீசலானால் 1,500க்குள்ளும் இருக்க வேண்டும். அத்தகைய கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. அன்று முதல் வடிவமைப்பாளரின் மேசையில் நிதியமைச்சரும் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். மாருதியின் டிசையர் கார் 2012இல் தன் வாலைக் குறுக்கிக்கொண்டு 3,995 மில்லிமீட்டருக்குள் வந்தது இதனால்தான். மேக்னைட்டின் பெட்ரோல் எஞ்சின் 999 கன சென்டிமீட்டர், மூன்றே சிலிண்டர். ஈகோஸ்போர்ட் நீளத்தில் வரம்புக்குள் நின்றாலும், அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 1,200ஐத் தாண்டிவிட்டதால் அந்த வகைக்கு மட்டும் சலுகை கிட்டவில்லை. ஒரே உடல், இரண்டு வரி!

999 என்னும் எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. பிறருக்கு நேரும் சேதத்திற்கான கட்டாயக் காப்பீட்டை, 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 1,000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத காருக்கு இது 6,521 ரூபாய். அதைத் தாண்டி 1,500 வரை 10,640 ரூபாய். ஒரு கன சென்டிமீட்டர் குறைந்து நிற்பதில் நாலாயிரம் ரூபாய் மிச்சம்.

2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது பழைய இலக்கணமே தொடர்ந்தது. சிறு பெட்ரோல் காருக்கு 28 விழுக்காடும் மேல்வரி 1 விழுக்காடும். பெரிய வண்டிக்கு மேல்வரி மட்டுமே 22 விழுக்காடு வரை போயிற்று. ஆகவே 'மலிவான ஜீப்' என்று நாம் வாங்குவதில் ஒரு பகுதி பொறியாளரின் திறமை. ஒரு பகுதி வரிச் சட்டத்தின் நிழல்.

பொறியாளரின் திறமையையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரகடம் ஆலை 2010 மார்ச்சு மாதம் தொடங்கப்பட்டது. 2015இல் இங்கிருந்து வந்த ரெனோ க்விட் 2.57 இலட்சம் ரூபாயில் தொடங்கியபோது நாடே வியந்தது. அதன் அடித்தளத்தையே நீட்டியும் வலுப்படுத்தியும் 2019இல் டிரைபர், 2020இல் மேக்னைட், 2021இல் கைகர் என்று அடுத்தடுத்து வார்த்தார்கள். ஓர் அச்சுக்குச் செலவான பணத்தை நான்கு வண்டிகள் பகிர்ந்துகொள்கின்றன. நிலைச் செலவு பெரிய எண்ணிக்கையின் மீது பரவும்போது ஒன்றின் அடக்கவிலை இறங்கும் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதுதான் இது. 2020 டிசம்பரில் மேக்னைட்டின் அறிமுக விலை 4,99,000 ரூபாய். அடுத்த மாதமே 5,49,000 ஆயிற்று. அறிமுக விலை என்பது வாசலில் கட்டிய வாழைமரம் போன்றது. விழா முடிந்ததும் இருக்காது.

மலிவில் எதை வெட்டினார்கள் என்றும் வாங்குவோர் கேட்க வேண்டும். இதே ஒரகடத்தில் செய்த டாட்சன் கோ என்னும் மலிவுக் கார், 2014இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. மேக்னைட் 2022இல் அன்றைய முறைப்படி நான்கு நட்சத்திரமும், 2025இல் கடுமையாக்கப்பட்ட முறைப்படி பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் பெற்றது. ஒரே ஆலை, ஏறத்தாழ ஒரே வகை வாங்குவோர். இடையில் சட்டமும் கடுமையாயிற்று, வாங்குவோரும் கேட்கத் தொடங்கினர்.

இனித் தம்பியின் கணக்கு. கீழே வரும் எண்களில் சில நாங்கள் வைத்துக்கொண்ட மதிப்பீடுகள். படிப்பவர் தத்தம் எண்களை இட்டுப் பார்க்கலாம்.

ஷோரூம் விலை 7,00,000. தமிழ்நாட்டில் 2023இல் திருத்தப்பட்டபடி, 5 இலட்சத்துக்கு மேல் 10 இலட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரி 13 விழுக்காடு, ஆகவே 91,000. முதல் காப்பீட்டுக்கு 35,000, பதிவுச் செலவு முதலியன 4,000. வண்டி சாலைக்கு வரும்போது 8,30,000. இதில் வரிக்கும் காப்பீட்டுக்கும் பதிவுக்கும் போன 1,30,000 வண்டியை விற்கும்போது திரும்பி வராது. அது ஷோரூம் வாசலோடு போயிற்று.

தம்பியிடம் இருந்தது 2,30,000. மீதி 6,00,000 கடன். ஆண்டுக்கு 9.5 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுத் தவணையானால் மாதம் 9,806 ரூபாய். துண்டுத்தாளில் இருந்த 'பத்தாயிரத்துக்கும் குறைவு' இதுதான். பொய்யில்லை. ஆனால் 84 மாதம் கட்டினால் மொத்தம் 8,23,704. வட்டி மட்டும் 2,23,704. இதே கடனை ஐந்தாண்டில் கட்டினால் மாதம் 12,601, வட்டி 1,56,060. மாதத்தில் 2,795 ரூபாய் குறைவாகத் தோன்றச் செய்வதற்கு 67,644 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். தவணையின் நீளம்தான் விற்பனையாளரின் கையிலுள்ள உளி. வாங்குவோரின் சம்பளத்துக்கு ஏற்ப அதை எவ்வளவு வேண்டுமானாலும் செதுக்கிக் காட்டுவார்.

"சரி, மாதம் எவ்வளவு தூரம் ஓட்டுவ?" என்று கேட்டேன்.

வேலைக்குக் கம்பெனி பஸ் வருகிறது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, மாமியார் ஊருக்கு, ஞாயிறு ஒரு நாள் எங்காவது. நாங்கள் எண்ணிப் பார்த்ததில் மாதம் 500 கிலோமீட்டர் வந்தது. ஆண்டுக்கு 6,000, ஏழாண்டில் 42,000.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நிறுவனத்தின் ஏட்டில் இருக்கிறது. அது சோதனைக் கூடத்து எண். ஏ.சி. போட்டுக்கொண்டு எங்கள் பெருஞ்சாலை நெரிசலில் போவோருக்கு 14 என்று வைத்துக்கொண்டோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் எனக் கொண்டால், ஏழாண்டுக்கு 3,03,000. சர்வீசுக்கு 56,000. டயர், பேட்டரி 35,000. இவை ஓட ஓட வரும் செலவுகள். அதாவது மாறும் செலவு. மொத்தம் 3,94,000.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருபவை எவை? சாலை விலை 8,30,000, வட்டி 2,24,000, இரண்டாம் ஆண்டு முதல் காப்பீடு 90,000. கூட்டினால் 11,44,000. ஏழாண்டு கழித்து 2,75,000க்கு விற்போம் என்று நம்பி அதைக் கழித்தால் 8,69,000. இதுதான் நிலைச் செலவு. இரண்டும் சேர்த்து 12,63,000. இதை 42,000ஆல் வகுத்தேன்.

ஒரு கிலோமீட்டருக்கு 30 ரூபாய்!

அதில் பெட்ரோலும் டயரும் சர்வீசும் ஒன்பதரை ரூபாய்கூட இல்லை. ஏறத்தாழ 21 ரூபாய், வண்டி நிழலில் நிற்பதற்காக நாம் கொடுப்பது. தம்பி பேனாவை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான். விடை மாறவில்லை.

பிறகு வேறொரு கணக்குப் போட்டோம். இதே வண்டியை ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு விற்பனைப் பிரதிநிதி வாங்குகிறார் என்க. ஏழாண்டில் 1,05,000 கிலோமீட்டர். பெட்ரோல் 7,57,500, சர்வீஸ் 1,00,000, டயர் முதலியன 70,000. வண்டி அதிகம் உழைத்திருப்பதால் விற்பனை விலையை 2,00,000 ஆகக் குறைத்தோம். நிகரச் செலவு 18,71,500. கிலோமீட்டருக்கு 18 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. ஒரே நிறம், ஒரே எஞ்சின், ஒரே ஷோரூம் விலை. ஒருவருக்கு 30, மற்றவருக்கு 18. 'இந்தக் கார் மலிவா?' என்ற கேள்விக்கு வண்டியைப் பார்த்து மட்டும் விடை சொல்ல முடியாது என்று நான் மாணவர்களிடம் வலியுறுத்துவது இதனால்தான். வாங்குபவரையும் பார்க்க வேண்டும்.

வாடகைக் கார் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று கொள்வோம். சொந்த வண்டியின் மாறும் செலவு 9.20 போக, ஒவ்வொரு கிலோமீட்டரும் 10.80 ரூபாயை நிலைச் செலவின் பக்கம் தள்ளுகிறது. நிலைச் செலவைச் சுமார் 9 இலட்சம் எனக் கொண்டால், ஏழாண்டில் 83,000 கிலோமீட்டர் ஓட்டினால்தான் இரண்டும் சமமாகும். மாதத்துக்கு ஏறத்தாழ 1,000. இலாப நட்டமிலாப் புள்ளி என்று பாடத்தில் வருவது இதுவே. தம்பி அதில் பாதி வழியில் நிற்கிறான். இத்தனைக்கும் அவனுடைய 2,30,000 ரூபாய் வங்கியில் 7 விழுக்காட்டில் இருந்தால் ஏழாண்டில் ஈட்டக்கூடிய 1,39,000 ரூபாயை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வாய்ப்புச் செலவு என்னும் அதைச் சேர்த்தால் அவன் முகம் இன்னும் வாடியிருக்கும்.

டர்போ வகையையும் கேட்டான். சாதாரண எஞ்சின் 72 குதிரைத்திறன், டர்போ 100. ஐந்து பேரை ஏற்றி ஏ.சி. போட்டு லாரிகளை முந்துபவருக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவனுக்கு வேண்டாம் என்றேன்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கென்றே ஒன்று உண்டு. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சென்னை நோக்கிப் போனால் அடுத்த இரயில் நிலையம் மறைமலைநகர். ஈகோஸ்போர்ட் 2013 ஜூன் மாதம் 5.59 இலட்சத்தில் அங்கிருந்து வந்தபோது எங்கள் பக்கத்தில் அது ஒரு பெருமை. சிறு ஜீப் வடிவத்திற்கு நாட்டில் பெரிய ஆசையை வளர்த்த வண்டிகளில் அது ஒன்று. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்திக்கொள்வதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் உற்பத்தி நின்றது. வண்டி வாங்கியோருக்குப் பழுதுபார்ப்பும் உதிரிபாகமும் தொடரும் என்று நிறுவனம் அறிவித்ததையும் சொல்ல வேண்டும். ஆயினும் செய்தவர் நாட்டில் கார் விற்பதை நிறுத்திவிட்டார் என்னும் ஒரே செய்தி பழைய வண்டிச் சந்தையில் பேரத்தின் முதல் வரியாகிவிடுகிறது. டாட்சன் பெயரும் 2022இல் மறைந்தது. ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த பங்கை 2025இல் ரெனோ வாங்கிக்கொண்டது; மேக்னைட் அங்கேயே தொடர்ந்து உருவாகிறது. ஏழாண்டுக் கடன் வாங்குபவர், ஏழாண்டும் இந்தக் கடை திறந்திருக்குமா என்று கேட்பது தவறன்று.

வேறு மாவட்டத்து ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ இது மறுவிற்பனை விலையோடு நிற்கும். தம்பிக்கு அப்படியன்று. அவன் சம்பளமும் அவன் வாங்க நினைக்கும் வண்டியும் ஒரே கொடியில் காய்த்தவை. கார் விற்பனை மந்தமானால் முதலில் குறைவது கூடுதல் நேர வேலை, பிறகு ஷிப்டு, அதற்குப் பிறகு ஆள். அதே மந்தத்தில்தான் அவன் வண்டியின் விற்பனை விலையும் இறங்கும். விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்னும் வழியும் அந்நேரத்தில்தான் குறுகும். திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றதை இந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. எங்கள் தெருவிலேயே அன்று வேலை இழந்த பிள்ளைகள் உண்டு.

இதைச் சொன்னபோது தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எண்பத்து நாலு மாசம் கம்பெனி இருக்கும்னு எழுதிக் கொடுக்கச் சொல்றியா, அண்ணா?" என்றான். கேலியாகச் சொன்னானா, வருத்தமாகச் சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கு ஆட்டோவே போதும்ப்பா" என்றாள். அது பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்று முடிவு செய்தது இவ்வளவுதான்: ஏழாண்டுக் கடன் வேண்டாம், ஐந்தாண்டில் கட்டக்கூடிய அளவுக்கு முன்பணம் சேரட்டும். ஆண்டு முடியட்டும் என்று தாளை மடித்து வைத்தான்.

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு, சேவை வரி மாற்றம் நடப்புக்கு வந்தது. சிறு கார் என்னும் பழைய இலக்கணத்துக்குள் அடங்கும் கார்களுக்கு மேல்வரி நீங்கி 18 விழுக்காடு. அடங்காத கார்களுக்கு 40. நான்கு மீட்டர்க் கோடு மறையவில்லை. முன்னைவிட அழுத்தமாகவே நின்றது. 29 விழுக்காடு சேர்ந்து 7,00,000 ஆன வண்டியின் வரியில்லா விலை 5,42,636. அதன்மேல் 18 விழுக்காடு வைத்தால் 6,40,310. குறைவு 59,690 ரூபாய். விலை குறைந்தால் ஆயுட்கால வரியும் குறையும். மே மாதத்தில் வாங்காததை என் அறிவு என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். வரி குறையும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது குருட்டு அதிர்ஷ்டம். காத்திருந்தால் விலை ஏறும் ஆண்டுகளும் உண்டு என்று இங்கேயே எழுதி வைக்கிறேன்.

மடித்து வைத்த தாளை மறுபடி விரித்தோம். ஷோரூம் விலையை 6,40,000 என்று கொண்டோம். ஆயுட்கால வரி 83,200, காப்பீடும் பதிவும் 37,000. மொத்தம் 7,60,200. முன்பணம் 3,00,000 கட்டினால் கடன் சுமார் 4,60,000. அதே வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 9,661 ரூபாய். மே மாதத்துத் துண்டுத்தாளில் 84 மாதத்துக்குச் சொன்ன தொகையைவிடச் சற்றுக் குறைவு; மாதங்களோ 60. மொத்த வட்டியில் ஒரு இலட்சத்துக்கும் மேல் மிச்சம். கிலோமீட்டர்க் கணக்கில் இப்போதும் வாடகைக் காரே வெல்கிறது. அதைத் தம்பியிடம் மறைக்கவில்லை. அவனும் மறுக்கவில்லை. "அந்த வித்தியாசம் அம்மா முழங்காலுக்கு" என்று தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டான். அடக்கவிலைத் தாளில் அப்படியொரு தலைப்பு கிடையாது. ஆனால் தொகை இன்னதென்று தெரிந்து எழுதியதால் நான் அடிக்கவில்லை.

சென்ற மாதம் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போனோம். முன் இருக்கையில் ஒரு முறை, பின் இருக்கையில் ஒரு முறை ஏறி இறங்கினாள். பின் இருக்கையே வசதி என்றாள். விற்பனைப் பிள்ளை டர்போவின் பெருமையைச் சொல்லிக்கொண்டேயிருந்தான், அம்மா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இது ஆடாம இருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கும் நாள் வரை வண்டி வரவில்லை. முன்பணத்தில் இன்னும் நாற்பதாயிரம் குறைகிறது. என்னிடம் கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று தம்பிக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை.